பெட்டையில பிழையில்லை

பரம்பரை என்ற சொல்லை எங்கள் வீடுகளில் இரண்டு நேரத்தில் அதிகம் கேட்கலாம். கலியாணம் பேசும்போது ஒன்று. பிள்ளையில் ஏதாவது குறை தெரியும்போது மற்றது. கலியாணத்தில் அது பெருமை. குறையில் அது குற்றப்பத்திரிகை. "தாய்ப் பக்கத்தால வந்தது" என்ற ஒரு வசனத்தோடு வழக்கு முடிந்துவிடும். தாள் பேனை எடுத்து யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நாங்கள் கணக்குப் பார்த்தோம். மனிதருக்கு இல்லை, ஒரு சோடிக் குருவிக்கு. கணக்கு முடிகிற நேரம் பேச்சு மனிதருக்கு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். நாலு பேரும் கலைப்பீடம். தமிழ், சமூகவியல், புவியியல், வரலாறு என்று ஆளுக்கொரு பாடம். ஓ/எல் சோதனையோடு விஞ்ஞானப் புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். கம்பஸுக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின் அறையில் போர்டிங் இருக்கிறோம். வீட்டுக்கார அன்ரிக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூன்று பேரும் கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டார்கள். வீட்டில் ஒரு சத்தம் கேட்கட்டும் என்று அன்ரி ஒரு சோடி லவ் பேட்ஸ் வாங்கி, எங்கள் யன்னலுக்கு நேரே கூடு அடித்து விட்டிருந்தார். இரண்டும் பச்சை. கழுத்தும் தலையும் மஞ்சள், முதுகில் கறுப்பு வரி. முட்டி ஒன்று கட்டித் தொங்கவிட்டதும் பெட்டை உள்ளே போய் முட்டை இடத் தொடங்கியது.

முதல் ஈட்டில் ஐந்து குஞ்சு பொரித்தது. மூன்று வாரத்தில் இறகு முளைத்தபோது மூன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று முழு மஞ்சள். மஞ்சள் குஞ்சின் கண் சிவப்பு.

தினை கொண்டுவந்து தருகிற குருவிக்கார அண்ணை முட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்ரி, உங்கட பெட்டை சரியில்லை. எங்கயோ போட்டு வந்திருக்குது." வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் சிரிப்பு.

எங்களில் ஒருத்தி கேட்டாள்: "கூட்டுக்க ரெண்டு குருவிதானே அண்ணை இருக்கு. எங்க போறது?"

"அப்ப வாங்கேக்கயே கடையில நடந்திருக்கும்."

வாங்கி ஐந்து மாதம். பெட்டைப் பறவைகள் ஆணின் விந்தைக் கொஞ்சக் காலம் உடம்பில் சேமித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் அது நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் நடக்கிற விசயம், ஐந்து மாதத்துக்கு வராது. அண்ணை கெட்டவர் இல்லை, பகிடிதான் விட்டார். எங்களுக்குப் பிடிபடாதது வேறு ஒன்று. பச்சைச் சோடிக்கு நீலமும் மஞ்சளும் பிறந்தால் சந்தேகம் ஏன் நேரே பெட்டையின் நடத்தைக்குப் போகிறது? சேவல் அதே கூட்டில்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றிரவு பழைய அசைன்மென்ற் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் தொடங்கியதுதான் இந்தக் கணக்கு.

*

முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் லவ் பேட்ஸ் என்று கூப்பிடுகிற இந்தக் குருவியின் சரியான பெயர் பட்ஜரிகர். அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840 இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறவை பச்சைதான். மற்ற நிறங்களெல்லாம் கூட்டில் வளர்க்கத் தொடங்கிய பிறகு ஆட்கள் தேடித் தேடிப் பெருக்கியவை.

அந்தப் பச்சை ஒரு நிறம் இல்லை, இரண்டின் கூட்டு. இறகில் மஞ்சள் சாயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. அந்த நீலம் தெரிவதற்குப் பின்னால் கறுப்பு மெலனின் இருக்க வேண்டும். மஞ்சளும் நீலமும் சேர்ந்து எங்கள் கண்ணுக்குப் பச்சை. சின்ன வகுப்பில் தண்ணிச் சாயம் கலந்த அதே கணக்கு.

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. மஞ்சள் சாயம் உண்டாகாவிட்டால் மிஞ்சுவது நீலம். மெலனின் உண்டாகாவிட்டால் நீலமும் கறுப்பு வரியும் போய் மஞ்சள் மட்டும் மிஞ்சும், கண்ணும் சிவக்கும். இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. ஆக நீலக் குஞ்சும் மஞ்சள் குஞ்சும் எங்கேயோ இருந்து புது நிறத்தைக் கொண்டுவரவில்லை. பச்சையில் இருந்த இரண்டில் ஒவ்வொன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீலத்தை முதலில் எடுத்தோம். ஓ/எல் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடி ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது பழைய பாடம். ஒவ்வொரு இயல்புக்கும் பரம்பரை அலகு இரண்டு. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. மஞ்சள் சாயத்தை உண்டாக்குகிற அலகு ஒன்று இருந்தாலே போதும், குருவி பச்சையாகிவிடும். பழுதானது மற்றப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். குருவி வளர்ப்பவர்கள் இப்படி ஒளித்து வைத்திருக்கும் பறவையை ஸ்பிளிற் என்கிறார்கள். புத்தகத்தில் அதற்குப் பெயர் காவி. 2017 இல் வெளியான ஒரு ஆய்வு அந்த அலகையே கண்டுபிடித்தது. அது ஆக்குகிற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் மஞ்சள் நின்று நீலம் வந்திருக்கிறது.

தாயும் ஸ்பிளிற், தகப்பனும் ஸ்பிளிற் என்றால் நாலு பெட்டிச் சதுரம் போதும். ஒரு பெட்டியில் இரண்டும் நல்லது. இரண்டு பெட்டிகளில் ஒன்று நல்லது, ஒன்று பழுது. கடைசிப் பெட்டியில் இரண்டும் பழுது, அது நீலக் குஞ்சு. நாலில் ஒன்று. இந்த அலகு இருப்பது சாதாரண நிறமூர்த்தத்தில், புத்தகத்துப் பெயர் தன்மூர்த்தம். ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீலம் ஆணிலும் வரும், பெண்ணிலும் வரும்.

இதில் முக்கியம், நீலம் வர இரண்டு பேரும் வேண்டும். தாய் மட்டும் ஸ்பிளிற்றாக இருந்து தகப்பன் சுத்தப் பச்சை என்றால் ஆயிரம் குஞ்சு பொரித்தாலும் நீலம் கிடையாது. நீலக் குஞ்சு பெட்டையின் மேல் சந்தேகம் விழ வைக்கிற சாட்சி இல்லை. பக்கத்தில் நிற்கிற சேவலுக்குள்ளும் அதே ஒளிவு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

*

மஞ்சளுக்கு வந்தபோது நாங்கள் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது.

மனிதரில் ஆணுக்கு எக்ஸும் வையும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். இது எல்லோருக்கும் தெரியும். பறவையில் இது தலைகீழ். ஆணுக்கு ஒரே மாதிரி இரண்டு, அவற்றை இசட் என்கிறார்கள். பெண்ணுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். டபிள்யூ சின்னது, இசட்டில் இருக்கும் பெரும்பாலான அலகுகள் அதில் இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய் எதைக் கொடுக்கிறாள் என்பதில் இருக்கிறது. தாய் இசட் கொடுத்தால் மகன். டபிள்யூ கொடுத்தால் மகள்.

மெலனினை நிறுத்துகிற அந்தப் பழுது அலகு இருப்பது இசட் நிறமூர்த்தத்தில். இனி யோசியுங்கள். சேவலுக்கு இசட் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது மூடிவிடும், அதனால் அது பச்சையாகவே நிற்கும். பெட்டைக்கு இசட் ஒன்றுதான். அதில் பழுது இருந்தால் மூட ஆள் இல்லை, குருவி மஞ்சள். ஆகவே இந்த நிறத்தில் பெட்டை ஸ்பிளிற்றாக இருக்கவே முடியாது. ஒன்றில் மஞ்சள், இல்லையென்றால் ஒளிவு மறைவு இல்லாத பச்சை. ஒளித்து வைத்திருக்கக்கூடியது சேவல் மட்டும்.

எங்கள் பெட்டை பச்சை. அதனிடம் மஞ்சளுக்கான அலகு இல்லை. அப்படியென்றால் மஞ்சள் குஞ்சு எங்கிருந்து வந்தது? தகப்பனிடமிருந்து. வேறு வழி இல்லை. தகப்பனின் பழுது இசட் மகனுக்குப் போனால், தாயின் நல்ல இசட் வந்து மூடிவிடும். மகளுக்குப் போனால் தாய் கொடுத்தது டபிள்யூ, அதனால் மூட முடியாது. ஆகவே இந்தச் சோடிக்கு மஞ்சளாகப் பிறக்கிறது எல்லாம் மகளாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களுக்குள் வரலாறு படிக்கிறவள் பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பெட்டை எங்கயோ போட்டு வந்தது எண்டு சொன்னதுக்குச் சேவலின்ர ரகசியமடி வெளியில வந்திருக்கு."

பிறகு இரண்டு நிறத்தையும் ஒன்றாகப் போட்டுப் பதினாறு பெட்டிச் சதுரம் கீறினோம். சேவலிடமிருந்து நாலு விதம், பெட்டையிடமிருந்து நாலு விதம். நிரப்பிக் கூட்டினால் ஒன்பது பச்சை, மூன்று நீலம், மூன்று மஞ்சள், ஒரு வெள்ளை. ஒன்பதுக்கு மூன்றுக்கு மூன்றுக்கு ஒன்று. அப்படியே பட்டாணிச் செடியில் மெண்டலுக்கு வந்த விகிதம்.

இங்கேதான் சமூகவியல் படிக்கிறவள் தாளைப் பறித்தாள். மஞ்சள் இசட்டில் இல்லாமல் தன்மூர்த்தத்தில் இருந்து, இரண்டு பேரும் ஸ்பிளிற்றாக இருந்தாலும் இதே ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்றுதானே வரும்? வரும். நாங்கள் அதையும் கீறிப் பார்த்தோம். மொத்தத் தொகை அச்சொட்டாக ஒன்றுதான். மொத்தத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒரே கதை. ஆண் எட்டு, பெண் எட்டு என்று பெட்டிகளைப் பிரித்தால்தான் வித்தியாசம் தெரியும். இசட்டில் இருந்தால் எட்டு மகன்களில் ஆறு பச்சை, இரண்டு நீலம். எட்டு மகள்களில் மூன்று பச்சை, ஒரு நீலம், மூன்று மஞ்சள், ஒரு வெள்ளை. தன்மூர்த்தத்தில் இருந்தால் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரே பங்கு.

"இதைத்தானே எங்களுக்கு முதலாம் வருசத்தில இருந்து சொல்லித் தாறாங்கள்," என்றாள் அவள். ஒரு கிராமத்தின் சராசரி வருமானம், சராசரிப் படிப்பு, சராசரிச் சாப்பாடு என்று மொத்தமாக எடுத்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டவுடன் வேறு கதை வெளியில் வரும். ஒரு குருவிச் சதுரம் அதைப் பதினாறு பெட்டிக்குள் காட்டிவிட்டது.

*

தாளில் வந்தது கூட்டில் வருமா என்று பார்க்கக் காத்திருந்தோம். குஞ்சிலே ஆண் பெண் தெரியாது. மூக்குக்கு மேலே இருக்கிற தோல்தான் அடையாளம். வளர்ந்த பச்சை ஆணுக்கு அது நீலம். மஞ்சள் ஆணென்றால் கடைசிவரை இளஞ்சிவப்பாகவே இருக்கும். பெட்டைக்கு மண்ணிறமாக மாறும். அதற்குச் சில மாதம் வேண்டும்.

இதுவரை மூன்று ஈடு. பதினாலு குஞ்சு. எட்டுப் பச்சை, மூன்று நீலம், இரண்டு மஞ்சள். மூன்றாவது ஈட்டில், கண் திறக்கும் முன்பே இமைக்குள்ளால் சிவப்புத் தெரிந்த ஒரு குஞ்சுக்கு இறகு முளைத்தபோது அது வெள்ளை. பதினாறில் ஒன்று என்று எழுதி வைத்திருந்த பெட்டி. இரண்டு மஞ்சளுக்கும் மூக்குத் தோல் மண்ணிறமாகிவிட்டது. வெள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சமூகவியல்காரி இதற்கும் விடவில்லை. "சாம்பிள் காணாது," என்றாள். உண்மைதான். மூன்றும் தற்செயலாகப் பெட்டையாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை எங்களுக்கு முதல் நூறு வருசத்துக்கு மேலாக ஆட்கள் கேட்டு விட்டார்கள்.

தேடிப்போனபோது கிடைத்த ஒரு செய்தி எங்களுக்குப் பிடித்தது. 1908 இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனோடு வேலை செய்த ஃப்ளோரன்ஸ் டர்ஹம், டொரோதியா மரியற் என்ற இரண்டு பெண்கள் கனேரிக் குருவிகளில் இதையே பார்த்து எழுதினார்கள். கறுவா நிறச் சேவலைப் பச்சைப் பெட்டையோடு விட்டால் மகள்கள் கறுவா, மகன்கள் பச்சை. மாற்றி, கறுவாப் பெட்டையைச் சுத்தப் பச்சைச் சேவலோடு விட்டால் எல்லாம் பச்சை. தாயையும் தகப்பனையும் இடம் மாற்றும்போது விடை மாறினால், அந்த அலகு இலிங்க நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மாறாவிட்டால் தன்மூர்த்தத்தில். எந்தப் பறவையிலும் கேட்கக்கூடிய எளிமையான கேள்வி இதுதான். தோமஸ் மோர்கன் பழ ஈயின் வெள்ளைக் கண்ணைப் பற்றி எழுதியது 1910 இல், அதற்குப் பிறகு. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948 இல்.

இந்த அறிவு பிறகு கோழிப் பண்ணைக்குப் போனது. சதுரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த புனற் என்பவர், முதலாம் உலகப் போர்க் காலத்தில், குஞ்சின் நிறத்தை வைத்தே பேடு எது சேவல் எது என்று முதல் நாளிலேயே பிரிக்கலாம் என்று சொன்னார். பொன்னிறச் சேவலையும் வெள்ளி நிறப் பேட்டையும் சேர்த்தால் மகள்கள் பொன்னிறம், மகன்கள் வெளிறிய நிறம். இன்று மண்ணிற முட்டையிடும் கோழிகள் பலவும் இந்தக் கணக்கில் உண்டாக்கப்படுபவை. முட்டை இடாத, இறைச்சிக்கும் லாபம் தராத சேவல் குஞ்சுகளைப் பல நாடுகளில் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இருந்து அதைச் சட்டத்தால் நிறுத்தியது. யார் தேவை, யார் தேவையில்லை என்பதை நிறமூர்த்தம் சொல்வதில்லை. பண்ணைக்காரரின் கணக்குக் கொப்பிதான் சொல்கிறது. இதை எழுதும்போது எங்களுக்கு வேறு நாடுகளின், வேறு ஆஸ்பத்திரிகளின் ஞாபகமும் வந்தது.

*

இந்தக் கீறல்களையெல்லாம் நாங்கள் குசினித் திண்ணையில் இருந்துதான் செய்தோம். அன்ரி பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருப்பார். ஒருநாள் கேட்டார்: "அப்ப பிள்ளையள், குருவிக்குத் தாய் குடுக்கிறதிலதான் ஆணோ பெண்ணோ எண்டு இருக்குது. மனிசருக்கு என்னண்டு?"

"மனிசருக்கு மறுவளம் அன்ரி. பொம்பிளையிட்ட ரெண்டும் எக்ஸ்தான். எதைக் குடுத்தாலும் எக்ஸ்தான் போகும். ஆம்பிளையிட்டதான் ரெண்டு விதம் இருக்குது. அவர் எக்ஸைக் குடுத்தா மகள், வையைக் குடுத்தா மகன்."

அன்ரி கொஞ்ச நேரம் இலையையே உருவினார். பிறகு சொன்னார்: "மூண்டாவதும் பெட்டை எண்டு கேள்விப்பட்டாப் பிறகு மாமி ஆஸ்பத்திரிப் பக்கம் வரேல்லை. முப்பத்தொண்டுக்குப் பிறகும் வரேல்லை. என்ர வயித்தில பிழை எண்டு இவருக்கு வேற இடத்தில கூடப் பேசினவை."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

"இதை ஆராவது அந்த மனிசிக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார் அன்ரி. "செத்தும் போச்சுது."

சொல்லியிருக்கலாம்தான். 1905 இலேயே நெற்றி ஸ்டீவன்ஸ் என்ற பெண், மாவில் வாழும் ஒரு வண்டினத்தின் உயிரணுக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சின்ன நிறமூர்த்தத்தைச் சுமந்த விந்து ஆணை உண்டாக்குகிறது என்று எழுதிவிட்டார். அன்ரியின் மூன்றாவது மகள் பிறந்தது அதற்குப் பல பத்து வருசம் கழித்து. ஓ/எல் புத்தகத்திலும் அது இருக்கிறது. அன்ரியின் மச்சான்மார் எல்லோரும் ஓ/எல் எழுதியவர்கள். தெரியாமல் இருந்திருக்காது. அந்த நேரம் அது வேண்டியிருக்கவில்லை.

இரவு எங்களுக்குள் இதில் பெரிய வாக்குவாதம். ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்கள் குருவியாப் பிறந்திருந்தா மாமி சொன்னது சரியாகியிருக்குமோ?" குருவியில் ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் மகள் பிறந்தால் பெட்டையில் பிழையா?

நாங்கள் இதுவரை செய்துகொண்டிருந்தது குற்றத்தின் விலாசத்தை மாற்றுகிற வேலை. பெட்டை இல்லை, சேவல். தாய் இல்லை, தகப்பன். அது தேவைதான், பொய்ச் சாட்சியை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். ஆனால் தகப்பனும் எதைக் கொடுப்பது என்று தெரிவு செய்து கொடுப்பதில்லை. காசு சுண்டுவது போலத்தான். சுண்டின காசில் பூ விழுந்ததற்கு யாரையும் யாரும் ஆஸ்பத்திரியில் தனியே விடுவதில்லை. மகள் பிறப்பதே ஒரு நட்டம் என்று எழுதி வைத்த கொப்பி இருக்கிற வரைக்கும், நிறமூர்த்தம் எங்கிருந்து வந்தாலும் அந்த வீட்டில் யாரோ ஒருவர் குற்றவாளியாகத்தான் இருப்பார். அநேகமாக அவர் பெண்ணாக இருப்பார். இந்த இடத்துக்கு மேலே சதுரம் உதவாது. சீதனம், காணி உறுதி, கொள்ளி வைக்கிற உரிமை என்று எங்கள் பாடங்களில் வருகிறவற்றைத்தான் பேச வேண்டும்.

எங்களில் இன்னொருத்திக்கு இது வேறு விதமாகப் பட்டது. அவளுடைய தம்பிக்கு நிறக்குருடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டான். அம்மாவின் அப்பாவுக்கும் அப்படித்தான். இதில் "தாய்ப் பக்கத்தால வந்தது" என்பது முழு உண்மை. சிவப்பு, பச்சை நிறக்குருட்டின் அலகு இருப்பது எக்ஸில். அப்பப்பாவிடமிருந்து வர முடியாது, ஏனென்றால் தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வை. அம்மப்பாவின் ஒரே எக்ஸ் அம்மாவுக்கு வந்து, அம்மாவில் ஒளிந்திருந்து, தம்பியில் வெளியில் வந்தது. அம்மா எங்கள் பச்சைச் சேவலைப் போல. இரண்டில் ஒன்று மூடியிருந்ததால் அவவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் யாராவது இதைச் சொல்லும்போது அம்மா தலை குனிந்துகொள்வாவாம். அந்தக் கிழமை இவள் போனில் அம்மாவுக்குச் சதுரத்தை விளங்கப்படுத்தினாள். "உங்களிட்ட இருந்துதான் அம்மா வந்தது. அதால உங்களில பிழை எண்டு இல்லை," என்று. வந்த வழி வேறு, பிழை வேறு. எங்கள் பேச்சுவழக்கில் இந்த இரண்டும் ஒரே சொல்லாகிக் கிடக்கிறது.

நீலக் குஞ்சின் கணக்கும் மனிதரில் இருக்கிறது. தலசீமியா அப்படி வருகிறது. தாயும் தகப்பனும் காவியாக இருந்து, பிள்ளைக்கு இரண்டு பழுது அலகும் சேரும்போது நோய் கடுமையாக வரும். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. காவிகள் பார்வைக்குச் சாதாரணமாக இருப்பார்கள், இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். குருணாகலில் இதற்கென்று தேசிய தலசீமியா நிலையமே இருக்கிறது. சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் ஒரே ஒளிவு இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்புக் கூட. சாதகக் குறிப்பு வாங்குகிற நேரத்தில் இந்தப் பரிசோதனையையும் இரண்டு பக்கமும் செய்துவிட்டால் பிறகு ஒருவரை ஒருவர் விரல் நீட்ட வேண்டி வராது. நாங்கள் நாலு பேரும் எங்கள் வீடுகளில் இதைச் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில், "இப்ப என்ன அவசரம், உனக்கு யாரோ இருக்கினமோ?" என்ற கேள்விதான் பதிலாக வந்தது. இது எங்களுக்குச் சதுரத்தில் வராத பெட்டி.

*

போன மாதம் குருவிக்கார அண்ணை திரும்ப வந்தார். கூட்டில் இடம் காணாது, அன்ரி சிலதைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மஞ்சளுக்கு ஒரு விலை, நீலத்துக்கு ஒரு விலை, வெள்ளைக்குக் கேட்ட விலை எல்லாவற்றிலும் கூட. பச்சைக்கு வந்தபோது கையை விரித்தார். "இது சும்மா பச்சைதானே அன்ரி."

நாங்கள் அதற்குள் அந்தக் கணக்கையும் பார்த்து வைத்திருந்தோம். இந்தச் சோடிக்குப் பிறக்கிற பச்சை ஆண் குஞ்சு ஒன்று நீலத்தை ஒளித்து வைத்திருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. மஞ்சளை ஒளித்து வைத்திருக்க இரண்டில் ஒன்று. இரண்டுமே இல்லாமல் உண்மையிலே வெறும் பச்சையாக இருக்க ஆறில் ஒன்றுதான். எதிலே என்ன இருக்கிறது என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த தலைமுறை பொரித்தால்தான் தெரியும்.

அண்ணையிடம் தாளைக் காட்டி விளங்கப்படுத்தினோம். பொறுமையாகக் கேட்டார். பெட்டிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தார். தன்னிடமும் ஒரு பச்சைச் சோடி இருக்கிறது, அதுவும் போன ஈட்டில் மஞ்சள் ஒன்று பொரித்தது, அது பெட்டைதானா என்று போய்ப் பார்க்கிறேன் என்றார். பெட்டை சரியில்லை என்று இந்த முறை சொல்லவில்லை.

விலையை மட்டும் கூட்டவில்லை. நாலு பச்சைகளையும் சும்மா பச்சையின் விலைக்கே பெட்டியில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.